ஐஸுக்கு அடங்காத பெரிலியம்

ஐம்பத்து மூன்று நாள். அதற்குள் பெரிலியம்-7 அணுக்களில் பாதி லித்தியமாக மாறிவிடும். குறிஞ்சாக்கேணி ஊர் ஷாமிலாவின் ஆராய்ச்சிப் பட்டம் இந்தக் கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

விண்மீனுக்குள் இருவகை ஹீலியம் அணுக்கருக்கள் மோதி ஒட்டிக்கொண்டால் பெரிலியம் பிறக்கும். அது எவ்வளவு அரிதாக நடக்கிறது என்று அளப்பது அவள் வேலை. ஐரோப்பாவில், வானத்துக் கதிர்கள் எட்டாத மலையடிச் சுரங்கமொன்றில் மோதவிடும் கருவி இருக்கிறது. மோதவிட்டுப் பெரிலியம் படியவைத்த தகடு ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும். உடனே அது விடும் கதிர்களை எண்ணத் தொடங்க வேண்டும். முடிக்க ஆறேழு கிழமை, ஒன்றரை மாதம், ஆகும். எண்ணும் கருவியை அதற்கென்று ஒழுங்குபடுத்தியவள் அவள் ஒருத்திதான்.

ஒரு கிழமை லீவில் வீட்டுக்கு வந்தவளிடம் வாப்பா அன்ஸார் கலியாணக் கார்டை நீட்டினார். நிக்காஹ் அடுத்த மாதம்.

“வாப்பா! அது மட்டும் நான் இங்க நிண்டா பெரிலியம் பாதி போயிடும் எண்டு போனில சொன்னனானே!”

“சொன்னாய் மகள். ஐஸில போட்டு வைக்கச் சொல்லன். பாரை மீன் கொழும்பு வரைக்கும் கெடாமப் போகுது.”

காலமெல்லாம் மீன் வியாபாரம். கெட்டுப்போகிற எதற்கும் அவரிடம் ஒரே மருந்துதான்.

“எவ்வளவு குளிர் காட்டினாலும் அது அதே வேகத்திலதான் குறையும், வாப்பா.”

“ஐஸுக்கும் அடங்காத சாமானையா படிக்கப் போனாய்?” குசினியில் மீன் ஆணத்தைக் கிளறியபடி அவள் சின்னம்மா, பரீதா சாச்சி, கேட்டாள்.

பின்னேரம் மாப்பிள்ளை றிஸ்கான் வந்தான். படகு இஞ்சின் திருத்துகிறவன். கோபிப்பானோ என்று பயந்தபடியே ஷாமிலா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கார்டை வாங்கித் திகதியைப் பார்த்தான்.

“இந்த வெள்ளியே நிக்காஹ்வ முடிப்பம். கலியாணச் சாப்பாட்டை நீங்க திரும்பி வந்த பிறகு போடலாம்.”

“நிக்காஹ் முடிஞ்சா வழக்கப்படி மாப்பிள்ளை பொண்ணு வீட்டிலதான் இருக்கணும்,” என்றாள் சாச்சி. “பொண்ணு இல்லாத வீட்டில என்ன செய்யப் போறீங்க?”

“சாச்சிட ஆணம் இருக்கே. மாமாட மீன் லொறியும் இருமுது, அதைப் பார்க்கிறன்.”

அன்ஸார் கார்டுக் கட்டைப் பார்த்தார். “திகதியை வெட்டி எழுதுவம்.”

“வெட்டுங்க வாப்பா,” என்று ஷாமிலா பேனையைத் தேடி ஓடினாள்.

வெள்ளி ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. சனி அவள் விமானம் ஏறினாள். றிஸ்கான் மாமனார் வீட்டு முற்றத்தில் லொறி இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். திங்கள் காலை தகடு எண்ணும் கருவிக்குள் போகிறது.