எஸ்தருக்கு நைட் டூட்டி விழும் நாட்களில்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் மூன்று பேர் ஆண்டவருக்குப் புத்தி சொன்னார்கள். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். குறுக்கே பேசவில்லை.

விவரமாகச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன் — எட்வினைத் தவிர. என் கணவரை இந்தப் பக்கத்தில் நீங்கள் நிறையவே பார்த்தாகிவிட்டது. இனி மறைத்து என்ன?

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய எங்கள் டவுன்ஷிப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு குவார்ட்டர்ஸில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு. கொஞ்சம் வேத வாசிப்பு. பிறகு ஜெபக்குறிப்பு — யாருக்கு என்ன வேண்டும் என்று ஆளுக்கொன்றாகச் சொல்வது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு வட்டமாக ஒவ்வொருவராக ஜெபிப்பது. கடைசியில் கேசரி.

எங்கள் ஜெபக்குறிப்புகளை நீங்கள் கேட்க வேண்டும்! மகனுக்கு இன்ஜினீயரிங் சீட். தம்பிக்கு வேலை பர்மனென்ட் ஆக. சுகர் குறைய. இன்னும் கொஞ்சம் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைக்க. எல்லாம் நியாயமான ஆசைகள்தான்... ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவராவது, 'ஆண்டவரே, எனக்கு ஒரு சிக்கலைக் கொடும்' என்று கேட்டதுண்டா?

எப்படிக் கேட்போம்? எங்கள் ஊரில் ரிஸ்க் என்பது கெட்ட வார்த்தை. அணு ஆராய்ச்சி நடக்கிற இடம். 'பாதுகாப்பே முதல்' என்று திரும்பின பக்கமெல்லாம் போர்டு. கடற்கரையில்கூட, 'இங்கே குளிக்காதீர்கள்'. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கடல் என் ஜன்னலுக்குள் வந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வா, வா என்று. முழங்காலுக்கு மேல் அது என்னை நனைத்ததில்லை.

எட்வினுக்கு வேலையே சேஃப்டி செக்‌ஷனில். கேஸ் வால்வைத் தன் கையால் மூடிவிட்டு வந்து, "மூடியாச்சா?" என்று என்னைக் கேட்பவர்.

இப்படிப்பட்ட கூட்டத்தில்தான் எஸ்தர் வாயைத் திறந்தாள்.

எஸ்தர் எதிர் பிளாக். செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவள். அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய்வருகிறாள். கணவர் தாஸ் இங்கே ஃபிட்டர். இரண்டு பையன்கள்.

"எங்க வார்டுல ஒரு பொண்ணு கீதுங்க. ரெண்டு வயசு. அம்மாக்காரி எய்ட்ஸ்ல போய்ட்டா. இதுக்கும் ரத்தத்துல கீது. பாக்க ஒர்த்தரும் வர்ல. இந்த மாசத்துக்குள்ள யாரும் வர்லனா வேற ஊர்ல ஏதோ விடுதிக்கு அனுப்பிடுவாங்களாம். நான் இட்டாந்து வளக்கலாம்னு கீறேன். பேப்பர்லாம் ரெடி. தாஸும் சரின்ட்டாரு. ஆனா..."

ஆனால்? கணவன், மனைவி இருவருக்கும் ஒரே நாளில் நைட் ஷிஃப்ட் விழுந்தால், வந்து தங்கிப் பையன்களைப் பார்த்துக்கொள்வது தாஸின் அம்மா. 'அந்தக் கொயந்த உள்ள வந்தா நான் படியேற மாட்டேன்' என்று அவர் சொல்லிவிட்டாராம். பையன்களையாவது அவர் வீட்டில் கொண்டுபோய் விடலாம். குழந்தையை யாரிடம் விடுவது? அதற்கொரு வழி தெரியாமல் அழைத்துவர முடியாது.

"அதுக்குத்தான் ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு கலை உண்டு. முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமானதைக் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லிவிடுவார்கள் — சம்பந்தப்பட்டவர் காதில் விழும்படி! ஜெபத்துக்கு நடுவே யாரும் எதிர்த்துப் பேச முடியாதல்லவா?

செல்லத்துரை அண்ணாச்சி தொடங்கினார். திருநெல்வேலிச் சீமைக்காரர், எங்கள் கூட்டத்தில் மூத்தவர்.

"கர்த்தாவே, உம்முடைய பிள்ளை எஸ்தருக்கு இளகின மனசக் கொடுத்திருக்கீர், ஸ்தோத்திரம். வீட்ல ரெண்டு பயலுவ இருக்கானுவங்கதையும் கொஞ்சம் ஞாபகப்படுத்தும் சுவாமி. இளகின மனசோட ஞானத்தையும் சேத்துக் கொடும்."

அடுத்தது ராஜம் அக்கா. நாகர்கோவில்.

"ஆண்டவரே, அந்தப் பிள்ளைய அந்த விடுதியிலயே வச்சி நல்லா ஆசீர்வதியும். அங்க நேரத்துக்குச் சாப்பாடு குடுப்பாவ, உமக்குத் தெரியாததா? பிளாக்குல இருக்க மத்த பிள்ளைகளையும் காத்துக்கொள்ளும் அப்பா. தண்ணித் தொட்டி எல்லாருக்கும் பொதுவாக்கும்."

தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஆண்டவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது.

பிறகு எட்வின். "பிதாவே, எந்த முடிவையும் எல்லாக் கோணத்திலும் யோசித்து எடுக்க உதவி செய்யும்." அவ்வளவுதான். ஜெபத்துக்கும் ஹெல்மெட் மாட்டிவிட்டார்.

அவருக்குப் பக்கத்தில் எஸ்தர். நாங்களெல்லாம் ஆண்டவரை 'நீர்', 'உம்முடைய' என்று மரியாதையாகத் தள்ளி நிறுத்தியே பழகியவர்கள். அவள் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, இவுங்க சொல்றதுலாம் தப்பு இல்ல. ஆனா தொட்டா ஒட்டாது, தண்ணில வராதுன்னு உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். டெய்லி தூக்கறவ நான். என் பயம் அது இல்ல. டாக்டரு சொல்லிட்டாரு, மருந்து லேட்டா ஆரம்பிச்சதால ரொம்ப வருசம் தாங்காதுன்னு. அது என்னை அம்மான்னு கூப்ட்டுப் பயகிடும். நானும் பயகிடுவேன். அப்பறம் ஒரு நாள் போய்டும். அன்னிக்கி நான் இன்னா பண்ணுவேன்? அது ஒண்ணுதான் பயம். அதுக்காவ அத்த அங்கயே வுட்டுட்டு பஸ் ஏறி வரவும் முடில. அன்னிக்கி நீ என்னாண்ட இரு. அது போதும்... ஆமென்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ராஜம் அக்காதான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக நான். யார் வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுக்காரிதான் முடிக்க வேண்டும்.

இந்த வட்டம் எனக்காகவும் ஜெபித்திருக்கிறது. வருஷக்கணக்காக. 'கர்ப்பத்தின் கனியைக் கொடும்' என்று வாராவாரம், என்னை நடுவில் உட்கார வைத்து, தலைமேல் கைவைத்து. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை அதை நிறுத்திவிட்டார்கள். எந்த வெள்ளிக்கிழமை என்று எனக்குத் தெரியாது. யாரும் அறிவிக்கவில்லை. ராத்திரி பெய்த மழை எப்போது நின்றது என்று காலையில் யாரால் சொல்ல முடியும்? வாசல் காய்ந்திருக்கும். அவ்வளவுதான்.

தத்து எடுக்கலாமா என்று எட்வினிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "யார் பிள்ளையோ... என்ன நோயோ..." என்றார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வரவில்லை. ஆனால் எங்கள் இரண்டாவது அறை? சாமான் எதுவும் போடாமல், தினமும் பெருக்கி, சும்மாவே வைத்திருக்கிறேன். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். கடல் சத்தம் கேட்டது. நான் வாயைத் திறந்தேன்.

"ஆண்டவரே, எஸ்தருக்கு நைட் டூட்டி விழும் நாட்களில் அந்தக் குழந்தை எங்க வீட்ல இருக்கட்டும். அந்த ரெண்டாவது ரூம் ரொம்ப நாளா சும்மாதான் இருக்கு... உமக்குத் தெரியும். எட்வினுக்கும் தெரியும்."

கலை என்றேனே... எனக்கும் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இயேசுவின் நாமத்தில்" என்று முடித்தேன். இந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து ஆமென் சொல்ல வேண்டும். சொன்னால், அந்த ஜெபத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். வழக்கமாக எங்கள் ஆமென் கேசரி வாசனையில் வேகமாகவே வந்துவிடும்.

அன்று வரவில்லை.

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஃபேன்... கடல்... ஃபேன்...

"ஆமென்."

கரகரத்த, ஒற்றைக் குரல். எட்வின்.

பின்னாலேயே மற்ற ஆமென்கள் ஒவ்வொன்றாகத் தயங்கித் தயங்கி வந்து சேர்ந்தன. அண்ணாச்சியுடையதும்.

எல்லோரும் போனபிறகு எட்வின் கேட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே."

"அது ஆண்டவர்கிட்ட."

"நீங்களும் கேட்டீங்கதானே?"

மறுநாள் பார்க்கிறேன் — அந்த இரண்டாவது அறையில் மனுஷர் தரையில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பிளக் பாயின்ட்டுக்கெல்லாம் டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஜன்னல் கொக்கிகளை ஆட்டிப் பார்க்கிறார். சேஃப்டி செக்‌ஷன்!

அண்ணாச்சியும் வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "யம்மா, ஜெபத்துல நான் சொன்னதெல்லாம் ஆண்டவர்கிட்ட சொன்னது கேட்டியளா? எஸ்தர் தப்பா எடுத்துக்கிடப்புடாது. பழம் பிள்ளைக்கு" என்று கையில் திணித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை எஸ்தர் குழந்தையைக் கூட்டிவந்துவிட்டாள். நேற்று அவர்கள் இருவருக்கும் நைட். சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், "அக்கா, மருந்து பையில கீது, தூங்கசொல்ல காலத் தட்டணும்" என்று சொல்லிக்கொண்டே என் மடியில் இறக்கிவிட்டு ஓடினாள்.

ஜெனி. இலேசான குழந்தை. பயப்படும்படி இலேசு. கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். நான் அசையவில்லை. கால் மரத்துப்போயிற்று. அப்படியே இருந்தேன்.

எஜமான் நம்பிக் கொடுத்த பணத்தை மண்ணில் புதைத்துவைத்து, திரும்பக் கேட்டபோது தூசி தட்டி அப்படியே நீட்டினானே ஒருவன்... ஞாயிறு பள்ளியில் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவன்மேல் பரிதாபமாக இருக்கும். பாவம், அவன் ஒன்றையும் தொலைக்கவில்லையே! எஜமான் அவனை ஏன் திட்ட வேண்டும்? நேற்று மடி கனத்துக் கிடந்தபோது அந்தத் திட்டுக்கு அர்த்தம் விளங்கிற்று. தொலைத்துவிடுவோமோ என்று பயந்து, அவன் அதைக் கையில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஆசை வைக்காதம்மா" என்கிறார் ராஜம் அக்கா. நல்ல யோசனைதான். கொஞ்சம் தாமதமாகச் சொல்லிவிட்டார்.

இன்று விடிந்ததும் எஸ்தர் வந்தாள். ஜெனி "ம்மா" என்று தாவினாள். என் பக்கம் திரும்பவில்லை. எதற்குத் திரும்ப வேண்டும்? தாவிய இடம்தான் அவள் இடம். சேலை நுனி மட்டும் இன்னும் கசங்கியே இருக்கிறது. இஸ்திரி போட மனசு வரவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. ஜெபக்குறிப்பு கேட்பார்கள். எஸ்தருக்கு நைட் டூட்டி நிறைய விழ வேண்டும் என்று ஒருத்தி வேண்டிக்கொண்டால், அது பாவமா?