உறுவையாற்றில் அகப்பட்ட அடிப்பாறை

புதுச்சேரிப் பக்கத்து உறுவையாறு கிராமத்தில் குழாய்க்கிணறு இறக்கிக்கொண்டிருந்தபோது இஞ்சினியர் திடீரென்று வேலையை நிறுத்தச் சொன்னார். அலமேலு அம்மாளின் முகம் செத்துப்போய்விட்டது. நிலம் அவருடையது. கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் தானாகப் பொங்கி வரும் என்று எங்களைத்தான் நம்பியிருந்தார்.

சேறு அள்ளும் பெய்லரில் பச்சைக் கல் சில்லுகள் வந்திருந்தன. இஞ்சினியர் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த பிரெஞ்சுக்காரர்; ஐயா என்பதற்குப் பதில் அவரை ‘முசே’ என்போம். ஒன்றைக் கழுவி லென்ஸில் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

“மேஸ்திரி, இது ஷிஸ்ட்டுபா. பூமிக்குள்ள பொதஞ்சி, சூட்டுல மாறின கல்லு. சூடு கம்மி, அதான் நகத்தால கீறலாம். வரியெல்லாம் மடிஞ்சிருக்கு பாரு. அந்த மடிப்பே திரும்ப மடிஞ்சிருக்கு. மடிச்ச வேட்டிய குறுக்கால கசக்கினாப்ல, ரெண்டு தடவ நெருக்கியிருக்கு.”

“தண்ணி, முசே?” என்றேன்.

“இது அடிப்பாறை. இதுக்குக் கீழ பொங்குற தண்ணி ஏது? குழாய உருவிடுங்க.”

இத்தனை நாள் பாடுபட்டது இதற்குத்தானா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

“இன்னா கல்லுப்பா அது, குடு பாப்போம்” என்று அலமேலு அம்மாள் கை நீட்டினார். பெரிய சில்லாகப் பார்த்துக் கொடுத்தேன். அதன் பின்புறம் கறுப்பாக இருந்தது. தேய்த்தார், கட்டைவிரலில் கரி ஒட்டியது.

“அடப்பாவிங்களா, இது கல்சட்டிடா! கொழம்பு வைக்கிற கல்சட்டி!”

இஞ்சினியர் என் பக்கம் திரும்பினார். “களிமண்ணு எங்க எடுத்தீங்க?”

மணல் சரியும் இடத்தில் களிமண்ணை உருட்டிக் குழிக்குள் போட்டு இடிப்போம். அது பக்கவாட்டில் பூசிக்கொண்டு சரிவை நிறுத்தும். அன்று காலை போட்ட மண்...

“அம்மா வூட்டுப் பின்னால, பழைய மேட்டுலதான் முசே.” உடைந்த சட்டி பானையெல்லாம் கொட்டிய மேடு அது.

இஞ்சினியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நான் சொன்ன மடிப்பெல்லாம் நெசந்தான்பா. ஆனா அது சேலத்து மலையில மடிஞ்சது. இங்க கல்சட்டியா மாட்டுவண்டியில வந்திருக்கு. ம், எறக்குங்க உளிய!”

அந்த வாரமே குழாய் வாயைத் தாண்டித் தண்ணீர் பொங்கியது. நாங்கள் எல்லோரும் தலையைக் கொடுத்து நனைந்தோம். போரிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குழியிலிருந்து வந்தது என்ன என்று பார்க்கும் முன், குழிக்குள் நாம் போட்டது என்ன என்று யோசியுங்கள்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அலமேலு அம்மாள் வந்து இஞ்சினியரை மறித்தார்.

“எங்க கெளம்பிட்டீங்க முசே? ஒங்க அடிப்பாறையில கொழம்பு கொதிக்குது. சாப்ட்டுட்டுப் போங்க.”