எண்ணெய்த் தட்டில் கிடந்த மூடி

என் கணவர் பெலிக்ஸ் கூபியாக்கிடம் சூதாட்டம் இல்லை, வேறு பெண் பேச்சு இல்லை. ஒரே ஒரு வியாதிதான்: தான் நினைத்ததே சரி. அந்த வியாதியோடு நான் ஒரு ஆயுள் குடித்தனம் நடத்திவிட்டேன்.

அமெரிக்காவில் வயாண்டாட் என்கிற எங்கள் ஊரில், எங்கள் தெருவில் பாதிப் பேரைப் போல அவரும் கியர்பாக்ஸ் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார். அவர் தம்பி நார்பர்ட்டும் அங்கேதான். இருவரும் ஒன்றாகப் போய், ஒரே ஷிப்ட் முடித்து, ஒரே பாரில் பீர் குடித்துவிட்டு வருவார்கள். நார்பர்ட்டின் மனைவி டெல்லாவும் நானும் பள்ளியிலிருந்தே சிநேகிதிகள்.

எல்லாவற்றையும் கெடுத்தது மாமனார் விட்டுப் போன கார். எழுபத்தாறில் புதிதாக வாங்கிய கரும்பச்சை வண்டி, படகு நீளம், ஆட்டோமேட்டிக் கியர். பெலிக்ஸ் பித்தப்பை ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது நார்பர்ட் அதை இரவல் வாங்கிப் போனான். திரும்பி வந்த வண்டி இரண்டாம் கியருக்கு மாறவே அடம் பிடித்தது. மாறினால் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி குலுங்கியது.

"கியர்பாக்ஸத் திறந்து நோண்டியிருக்க," என்றார் பெலிக்ஸ்.

"அம்மா சத்தியமா நான் தொடவே இல்ல."

"பொய் சொல்லாத. அது தானா எப்படிடா கெடும்?"

அவ்வளவுதான், எனக்கும் டெல்லாவுக்கும் சேர்த்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சர்ச்சில்கூட முகம் பார்க்காமலிருக்க அவர்கள் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போனார்கள், நாங்கள் ஞாயிறு காலைக்கு. வேறு மனிதனாக இருந்தால் வண்டியைப் பழுது பார்த்திருப்பான். இவர் கராஜில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார்.

"அது சாட்சி, பெர்னிஸ். அதுல யாரும் கை வைக்கக் கூடாது."

அந்தச் சாட்சியைச் சுற்றி வளைந்து வளைந்துதான் வருடக்கணக்காக பனி தள்ளும் மண்வெட்டியை எடுத்தேன். டெல்லா இறந்தபோதும் இவர் மனசு இளகவில்லை. சவச்சாலைக்குள் நான் தனியாகப் போனேன், இவர் வெளியே எங்கள் இன்னொரு காரிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று எனக்கு வந்த கோபத்தில் அவரை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.

போன வசந்தத்தில், மாடிப்படி முழங்காலுக்கு ஆகவில்லை என்று சின்ன அபார்ட்மென்ட் பார்த்தோம். அங்கே கராஜ் கிடையாது, வண்டியை விற்றே ஆகவேண்டும்.

"விக்கிறதுக்கு முன்னாடி நாலு பேரு பாக்க அந்த கியர்பாக்ஸத் திறக்கப்போறேன். அவன் பண்ண வேலை எல்லாருக்கும் தெரியட்டும்," என்றார்.

எதிர்வீட்டு டுவேனையும் பழைய ஷிப்ட் கூட்டாளிகள் இருவரையும் அழைத்தார். ஐஸ் பெட்டியில் பீர் நிரப்பினார். நான் கில்பாசா சாசேஜ் வறுத்துக் கொண்டுபோய் வைத்தேன். தம்பியின் மானத்தை வாங்குவதற்கு விருந்து!

வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தி பெலிக்ஸும் டுவேனும் அடியில் நுழைந்தார்கள். கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டின் திருகுகளை பெலிக்ஸ் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கறுத்த சிவப்பு எண்ணெய் வாளியில் கொட்டியது.

"இப்பப் பாருங்க," என்று தட்டை இறக்கி வெளியே தள்ளினார்.

எல்லோரும் குனிந்தோம். எண்ணெய்ச் சேற்றின் நடுவில் கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி கிடந்தது.

எங்கள் ஊரில் அதற்கு யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். தூசி போகாமலிருக்க அந்த மூடியைத் துளையில் செருகித்தான் தொழிற்சாலையிலிருந்து கியர்பாக்ஸை அனுப்புவார்கள். காரில் பூட்டும்போது, எண்ணெய் அளவு பார்க்கும் குழாயை அந்தத் துளையில் இறக்குவார்கள், மூடி உள்ளே விழுந்துவிடும். முதல் தடவை தட்டைக் கழற்றுகிறவர் அதை எடுத்து எறிந்துவிடுவார். மூடி கிடக்கிறது என்றால் அந்த கியர்பாக்ஸை யாருமே திறந்ததில்லை. பெலிக்ஸே பல வருடம் அந்த மூடிகளைச் செருகியவர்தான்.

பெலிக்ஸ் தவழ்ந்து வெளியே வந்தார், தட்டைப் பார்த்தார், முகத்தில் ரத்தமே இல்லை. விழுந்துவிடுவாரோ என்று தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"பெலிக்ஸ்," என்று டுவேன் அடியிலிருந்தே கூப்பிட்டான். "இந்த ரப்பர் குழாய் வெடிச்சிருக்கு. இதத்தான் நீ மொதல்ல பாத்திருக்கணும்."

விரல் நீளக் குழாய். என்ஜின் சும்மா ஓடுகிறதா, பாரம் இழுக்கிறதா என்று கியர்பாக்ஸுக்குத் தெரிவது அது வழியாகத்தான். அது விட்டுப்போனால் கியர் தாமதமாக மாறும், உதைக்கும். ரப்பர் வயதாகித் தானாகவே வெடித்திருக்கிறது. இதற்காகவா டெல்லா இல்லாமல் நான் இத்தனை வருடம் இருந்தேன்? வாய்விட்டே கேட்டேன். கில்பாசாவை யாரும் தொடவில்லை.

பெலிக்ஸ் மூடியை எடுத்துக்கொண்டு, எண்ணெய்க் கையோடு நடக்க ஆரம்பித்தார். இரண்டு தெரு தள்ளித்தான் நார்பர்ட் வீடு. பின்னாலேயே ஓடினேன்.

நார்பர்ட் கதவைத் திறந்தான். எவ்வளவு கிழவனாகிவிட்டான்! அண்ணனின் உள்ளங்கையைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"தட்டுல கிடந்துச்சு," என்றார் பெலிக்ஸ். "நீ திறக்கல."

"அதத்தான் அன்னைக்கே சொன்னேன்."

"நான் பண்ணது தப்பு, நார்பர்ட். மன்னிச்சிடு."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அன்றுதான் கேட்டேன். நார்பர்ட் மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு அண்ணன் கையிலேயே வைத்தான்.

"அம்மா மேல சத்தியம் பண்ணேன். அப்ப நம்பல. இந்த பிளாஸ்டிக்கு சொன்னா நம்புற."

கதவைச் சாத்திக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போனோம். நார்பர்ட்டுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தோம். பூசையின் நடுவே அக்கம்பக்கத்தாருக்குச் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வந்தது. நார்பர்ட் முன்னால் இருந்தவர்களுக்குக் கொடுத்தான், பக்கத்தில் கொடுத்தான், திரும்பி எனக்கும் கொடுத்தான். பெலிக்ஸ் நீட்டிய கையை மட்டும் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டான்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகும் இவர் நின்றுகொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"அடுத்த சனிக்கிழமையும் வருவோம், பெர்னிஸ்," என்றார். அவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. நான்தான் அதைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.