அய்யனார் குன்றைச் சுற்றிய ஜமால் பாய்

ஆறு வருடம் வாய் திறக்காமல் இருந்தது போதும். நம் சைக்கிள் குழுவின் முகநூல் பக்கத்தில் நீங்கள் போடும் படங்களை ஒன்று விடாமல் பார்த்து வந்திருக்கிறேன். ஒரு வார்த்தை எழுதியதில்லை. ஜமால் பாய் இறந்துபோன பிறகும் எழுதாமல் இருந்தால் அதற்கு வீம்பு என்றுகூடப் பெயர் சொல்ல முடியாது.

செய்தி வந்தபோது கல்லூரித் தேர்வுக்கூடத்தில் மேற்பார்வைக்கு நின்றிருந்தேன். கைபேசியை உள்ளே வைத்திருக்கக் கூடாது, வைத்திருந்தேன். "மோட்டார் கடை ஜமால் பாய் இன்று காலை மௌத்" என்று அவர் மருமகன் போட்டிருந்தார். தேர்வு முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மாற்று ஆள் வேண்டுமென்றால் துறைத்தலைவரிடம் போக வேண்டும். அந்த நாற்காலி யாருக்கு வந்திருக்க வேண்டும் என்பது தனிக்கதை. அவரிடம் எதையும் கேட்பதில்லை என்று வைத்திருந்தவன் அன்றைக்குப் போய்க் கேட்டேன்.

"யாரு சார், சொந்தமா?"

"சண்டைக்காரர்" என்றேன். உடனே ஆள் அனுப்பினார்.

என்ன சண்டை என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. காரைக்குடியில் பழுதான மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தவர் பாய். சவுதியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, தடித்த டயர் வைத்த கியர் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்துக் கூடியதுதான் இந்தக் குழு. வனத்துறையில் அலைந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்புக்காட்டுக்குள் ஓட்ட அனுமதி வாங்கியவரும் அவர்தான்.

பாதை பதினான்கு கிலோமீட்டர். தைலமரங்களுக்குள் நுழைந்து, கண்மாய்க் கரையில் ஏறி, அய்யனார் கோயில் இருக்கும் குன்றை முழுதாகச் சுற்றி, புறப்பட்ட வனத்துறை கேட்டுக்கே வந்து சேரும். குன்று வலக்கைப் பக்கம் இருக்கும்படி போனால் ஒரு சரளைமேடு வரும். அதில் சைக்கிளைத் தோளில் சுமக்காத குறைதான். மறுபக்கமாகப் போனால் ஏற்றம் மெல்ல வரும். அதே சரளைமேடு இறக்கமாகிவிடும். பிரேக்கில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, மயில்கள் விலக விலகப் பறந்து வரலாம். நான் இயற்பியல் படித்தவன். சரிவை அளந்து, வரைபடம் போட்டு, இனி மறுபக்கமாகவே போவோம் என்று பாயின் கடைக்கே கொண்டுபோனேன்.

"எல்லாம் சரியாத்தேன் இருக்கு சார். ஆனா உள்ள அய்யனார் இருக்காகளே. எடப்பக்கமாச் சுத்துனா ஊர்க்காரவுக என்ன நெனப்பாக?"

"நீங்க மக்காவுக்கு உம்ரா போனப்ப கஃபாவை எடக்கைப் பக்கம் வச்சுத்தானே சுத்துனீக?"

"ஆமா. அது அங்குட்டு மொறை, இது இங்குட்டு மொறை. அடுத்தவுக வீட்டுக்குப் போனா அவுக சொல்ற எடத்துலதானே செருப்பக் கழட்டணும்?"

குழுவைக் கூட்டிக் கை தூக்கச் சொன்னார்கள். பதினாலு கை அவர் பக்கம். என் பக்கம் என் கை மட்டும். அந்தப் பதினாலில் இரண்டு, நான் பாடம் நடத்திப் பட்டம் வாங்கியவர்களுடையவை. பெயர்கள் நினைவிருக்கின்றன.

அடுத்த ஞாயிறிலிருந்து தனியாக, மறுபக்கமாகப் போனேன். சுற்றுப்பாதையில் எதிர்த்திசையில் போகிறவன் எல்லாரையும் முகத்துக்கு முகம் பார்த்தே ஆக வேண்டும் என்பது இத்தனை படித்தும் எனக்குத் தோன்றவில்லை. கண்மாய் மடைக்குப் பக்கத்தில் நீங்கள் வரிசையாக எதிர்ப்படுவீர்கள். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வீர்கள். பாய் மட்டும் பிரேக் பிடித்துக் காலை ஊன்றுவார்.

"வாங்க சார். கோவம் சௌக்கியமா?"

"நல்லா இருக்கு பாய்."

"எளச்ச மாதிரி தெரியுது, பாத்துக்கங்க" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழம் தருவார். தின்றுவிட்டுக் கிளம்புவேன். குழுவோடு போயிருந்தால் வாராவாரம் அவர் முதுகைத்தான் பார்த்திருப்பேன்.

ஒரு தடவை என் பக்கமாகவும் வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்து, காவலரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே போனோம். "பூசாரிகிட்டச் சொல்லிட்டுத்தேன் வாரேன்" என்றார். சரளைமேட்டு இறக்கத்தில் அந்த மனிதர் கத்திய கத்தலில் காடே எழுந்தது. கேட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"எப்படி பாய்?"

"நீங்க சொன்னதுதேன் சரி சார். எறக்கம் அருமை. ஆனா வழியில ஒருத்தர் மொகத்தையும் பாக்கலையே."

"சரின்னு அன்னைக்கே மத்தவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எல்லாரும் ஒங்க பக்கம் வந்துருவாக. அப்புறம் நீங்க எங்குட்டுப் போவீக?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். இந்த வயதில் வீட்டுக்கு வரும்வரை அடக்குவது சிரமமாகத்தான் இருந்தது.

என் இன்னொரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாதையில் கருவேல முள் அதிகம். மாதத்துக்கு ஒருவராவது டயரில் காற்றுப் போய் வழியில் நிற்பார்கள். ஒருவரிடமும் பம்ப் இருக்காது. திட்டிக்கொண்டே ஒட்டிக் கொடுப்பேன். பொறுப்பில்லாத கூட்டம் என்று ஆறு வருடமாக முடிவு கட்டி வைத்திருந்தேன்.

பாய் இல்லாத முதல் ஞாயிறு, மடைக்குப் பக்கத்தில் நின்றது நம் செயலாளர். "சார், பாய் நெனவா இனிமே எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போறதுன்னு முடிவு. அம்புக்குறி போர்டு வைக்கச் சொல்லி வனத்துறைக்கும் எழுதப் போறோம். நீங்களும் வந்து சேந்துக்கங்க. இல்லேன்னா உள்ள விட மாட்டாங்க" என்றார். பெடலை மிதித்துக் கிளம்பினேன்.

ஒரு கிலோமீட்டர் தள்ளி, நாட்டரசன்கோட்டையிலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண் பாறைமேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். முன்டயர் சப்பையாகக் கிடந்தது.

"ஏம்மா, உருட்டிக்கிட்டாவது நடக்கக் கூடாதா?"

"எதுக்கு சார்? பாய் சொல்லியிருக்காகள்ல. பஞ்சரானா நின்ன எடத்துலயே நில்லு, எதிர்க்க சார் வருவாக, திட்டுவாக, ஒட்டிக் குடுத்துட்டுப் போவாகன்னு."

"எப்பச் சொன்னாரு?"

"சேர்ற அன்னைக்கே. எல்லாருக்கும் சொல்றதுதானே? ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. விலகிப் போய்விட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஆறு வருடமும் அவர் என்னைக் குழுவில் ஒரு வேலைக்கு வைத்திருந்தார். டயரிலிருந்து இரண்டு முள் எடுத்தேன். அந்தப் பெண் முன்னாலேயே சிரித்தேன். திட்டவும் செய்தேன்; சொன்ன மாதிரியே நடக்க வேண்டுமல்லவா?

ஆகவே கேட்கிறேன்: வனத்துறைக்கு அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். நீங்கள் எல்லாரும் வலமாகவே போங்கள். அது அவர் விருப்பம். எதிரே ஒரு ஆள் வர வேண்டும் என்பதும் அவர் விருப்பம்தான். கோபித்துக்கொண்டு போகிறவனைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசாமல், அவன் போகிற பக்கத்திலேயே அவனுக்கு ஒரு வேலையைப் போட்டுக் கொடுக்கலாம் என்பதுதான் பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது. துறைத்தலைவரிடம்கூட அதை முயன்று பார்க்கலாம் என்றிருக்கிறேன், அவசரமில்லை.

இதைப் பெயர் போடாமல் பதிவிடுகிறேன். யார் எழுதியது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் பெயர் போட்டால், இது நான் எனக்காகக் கேட்கும் சலுகையாகிவிடும். பெயர் இல்லாவிட்டால், பாய் செய்துவைத்த ஏற்பாட்டைக் கலைக்க வேண்டாம் என்ற வேண்டுகோளாக மட்டும் நிற்கும்.