மூன்றுக்கு நேர் கீழே

மாயவரத்தில் ஏகாம்பரம் இருபடிச் சமன்பாடு நடத்தினால் பக்கத்து வகுப்புப் பையன்கள் ஜன்னலில் தொங்குவார்கள். டொரண்டோவில் அதே மனிதருக்குப் பாடம் நடத்தத் தற்காலிக அனுமதிதான். வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு, வருடா வருடம் வாசற்படியிலேயே நிற்கிற பிழைப்பு. அவருக்கு அலுத்துவிட்டது.

மனைவி சாந்தா ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரத்துணி மூட்டை தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டாள். அவருக்கு நிரந்தர அனுமதி வந்த மறுநாளே அவள் வேலையை விடுவதாகப் பேச்சு. அந்த அனுமதியைத் தருகிற பள்ளி இன்ஸ்பெக்டர், 1974 பிப்ரவரியில் ஒரு நாள், அவர் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

பலகையில் y = 2x² − 12x + 10. இதை உச்சி வடிவத்தில் எழுதி, வளைவின் அடிப்புள்ளியைக் காட்ட வேண்டும். ஊரில் y எல்லாம் கிடையாது. சமன்பாட்டின் ஒரு பக்கம் பூஜ்யம் இருக்கும். x கிடைத்தால் கணக்கு முடிந்தது. 'பொதுக் காரணி இருந்தால் முதலில் வகுத்துத் தள்ளு' என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொன்ன வாய் அவருடையது; கை தானாகவே இரண்டால் வகுத்தது. x² − 6x + 5. அதாவது (x − 1)(x − 5). வளைவு 1-லும் 5-லும் அச்சை வெட்டும். அதுவரை சரிதான். பிறகு வர்க்கமாக்கினார்: (x − 3)² − 4. அடிப்புள்ளி (3, −4) என்று கோடும் போட்டார்.

இரண்டாம் வரிசைப் பெண் கை தூக்கினாள். "சார், x-க்கு மூன்று போட்டால் எனக்கு மைனஸ் எட்டு வருகிறதே?"

கெட்டிக்காரப் பெண். அன்றைக்கென்று அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்திருக்கக் கூடாதா?

பதினெட்டு, அதில் முப்பத்தாறு போய், பத்து சேர்ந்தால் மைனஸ் எட்டுதான். பூஜ்யத்தை இரண்டால் வகுத்தால் பூஜ்யமே; y-ஐ வகுத்தால் பாதியாகிவிடும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்குகிறபோது கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் யானை என்ன செய்யும்?

"என் தவறு" என்றார். வகுத்துத் தள்ளிய இரண்டைத் திரும்பக் கொண்டுவந்து 2(x − 3)² − 8 என்று எழுதினார். வெட்டு வடிவம் 2(x − 1)(x − 5). இரண்டையும் விரித்து, பழைய பொது வடிவமே வருவதையும் காட்டினார்.

மணி அடித்ததும் இன்ஸ்பெக்டர் கைகுலுக்கினார். "விஷயம் தெரிந்தவர் நீங்கள். இன்னும் ஒரு வருடம் பார்ப்போம்."

செயின்ட் ஜேம்ஸ் டவுன் வீட்டில் சாந்தா கேசரி கிளறி வைத்திருந்தாள்.

"என்னங்க, என்ன சொன்னாரு?"

"இன்னும் ஒரு வருஷம் பாக்கணுமாம்."

"உங்களுக்குத் தெரியாத கணக்கா?"

"ஊர்ல எங்க வெட்டுதுன்னுதான் கேப்பாங்க சாந்தா. எவ்வளவு ஆழம்னு யாரும் கேட்டதில்ல." அவருக்கு அழுகை வந்தது.

அவள் கேசரியைத் தட்டில் வைத்து அவர் முன் நகர்த்தினாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இனி வேண்டாமென்று மூட்டை கட்டி வைத்திருந்த சலவைக்கூடத்து உடுப்பை எடுத்து உதறினாள்.