மஞ்சள் துணியில் இருந்த காசு

பிழையாக அச்சான காசுகளைச் சேர்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று சிரிப்பார்களோ என்ற கூச்சத்தில் யாரிடமும் காட்டியதில்லை.

என்னோடு பட்டாசுப் பெட்டி ஒட்டும் பாண்டியம்மாள், மகளுக்குக் காய்ச்சல் தீர வேண்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து தந்தாள். "மதினி, இருக்கன்குடி ஆத்தா கோயிலுக்குப் போறீகள்ல, உண்டியல்ல போட்டுருங்க."

பஸ்ஸில் கை சும்மா இருக்கவில்லை, முடிச்சை அவிழ்த்தேன். ஐந்து ரூபாய்க் காசு. அச்சு ஒரு ஓரமாக விலகி, எதிர் ஓரம் பிறை போல வெறுமையாக இருந்தது. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அதை எடுத்துக்கொண்டு, என் காசு ஒன்றை முடிந்து உண்டியலில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காய்ச்சல் அதிகமாகி, பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே போய் அந்தக் காசை நீட்டி, நடந்ததைச் சொன்னேன்.

பாண்டியம்மாள் அழுதுவிட்டாள். "நாந்தான் மதினி பாவி. கடைக்காரன் செல்லாதுன்னு தள்ளுன காசு அது. ஆத்தாவுக்கு என்ன தெரியப்போகுதுன்னு முடிஞ்சிட்டேன். நல்ல வேளை, நீங்க நல்ல காசு போட்டீக!" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிள்ளை தேறி வீடு வந்துவிட்டது. நான் ஆசைப்பட்டுத்தான் எடுத்தேன் என்று மறுபடி சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தக் கும்பிடுதான் இன்னும் உறுத்துகிறது.