பீட்சா கடையில் கை நனைத்தது

சம்பந்தம் பேசப் போகிற இடத்தில், விஷயம் முடிவாகிற வரை கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காப்பி குடிக்கலாம். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இதெல்லாம் வீட்டில் வைத்து நடக்கிற காரியத்துக்குச் சரி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ஓர் இத்தாலிக்காரன் கடையில் நடந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது என் மகள். மூன்று வருடமாக ஒரு பையனை விரும்புகிறாள். “அவங்க வீடும் வேணாம், நம்ம வீடும் வேணாம்பா. பொதுவா ஒரு எடத்துல பார்த்துக்கலாம்” என்றாள். பையன் வீட்டார் யாழ்ப்பாணத்துப் பரம்பரை. அவன் அப்பா அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நான் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன்.

என் மனைவி இருந்திருந்தால் எனக்கு ஒரு கவலையும் இருந்திருக்காது. நான் எங்கே சிரிக்க வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்பதை முழங்கையால் இடித்தே சொல்லிவிடுவாள். அவள் போய் நான்கு வருடமாகிறது. அந்த இடத்தை என் அக்கா எடுத்துக்கொண்டு காலையிலேயே போன் செய்தாள். “ஒண்ணும் முடிவாகாம அங்க கை நனைச்சிடாதடா. அப்புறம் நம்மள லேசா நெனச்சிருவாங்க.”

காரில் போகும்போது மகள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க பார்த்துட்டு வேணாம்னு சொன்னா நான் விட்டுர்றேன்பா. உங்கள மீறி ஒண்ணும் செய்ய மாட்டேன்.” சண்டை போட்டிருந்தாலாவது நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். இப்படிப் பொறுப்பைத் தூக்கி மடியில் வைத்தால் மனிதன் என்ன செய்வான்?

கடை எங்கள் வீட்டு ஹால் அளவுகூட இருக்காது. நாலைந்து மேசைகள், மூலையில் விறகு எரிகிற அடுப்பு. வெளியே வெயிலில் ஒரு கூட்டமே வரிசையில் நின்றது. நல்ல வாழை இலைச் சாப்பாட்டுக் கடை பக்கத்திலேயே இருக்க, ரொட்டிக்காக இப்படி நிற்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. உள்ளே பையனும் அவன் பெற்றோரும் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். எழுந்து கும்பிட நினைத்தார்கள், பின்னால் இருந்தவர் நாற்காலி இடித்ததால் பாதி எழுந்து பாதி கும்பிட்டார்கள்.

பீட்சா என்றால் நடுவில் ஒன்றை வைத்து ஆளுக்கொரு துண்டு எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒப்புக்கு ஒரு துண்டைத் தட்டில் வாங்கி வைத்துப் பேச்சில் ஓட்டிவிடலாம் என்பது என் திட்டம். இங்கே ஆளுக்கொரு முழுப் பீட்சா வந்தது, வெட்டாமல், தட்டை விடப் பெரியதாக. கத்தியும் முள்கரண்டியும் கொடுத்தார்கள். எனக்குக் கத்தரிக்காயும் சீஸும் போட்டது. அதை ஒளிக்க இடமே இல்லை.

பையனின் அம்மா அழகாக வெட்டிச் சாப்பிட ஆரம்பித்தார். “சாப்பிடுங்கோ, ஆறினா நல்லா இராது” என்றார். நான் தண்ணீரைக் குடித்தேன். மண்டைக்குள் ஒரே குழப்பம். இது கடைச் சோறுதானே, அவர்கள் வீட்டுச் சோறா? முள்கரண்டியால் சாப்பிட்டால் கையே நனையாதே, அது கணக்கில் வருமா? நான் இத்தாலிக்காரனுக்குத்தானே சம்மதம் சொன்ன மாதிரி ஆகும்? இதை யாரிடம் கேட்பது? மகளிடம் கேட்கலாம் என்றால் அவள் எதிரில் இருக்கிறாள், காலால் தட்டினால் பையனின் அப்பா காலில் படும்.

பையனின் அப்பா என் துறைமுக வேலையைப் பற்றி மரியாதையாக விசாரித்தார். எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. பையனையும் பிடித்திருந்தது. ஆனால் ‘சரி’ என்று சொல்ல வாய் வரவில்லை. அதை எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

அதற்குள் கடைக்காரனே வந்துவிட்டான். கையெல்லாம் மாவு. தொடாத பீட்சாவைப் பார்த்து முகம் சுருங்கிப்போய், “அங்கிள், தாக் செடாப் கா?” என்றான். நன்றாக இல்லையா என்று மலாயில் ஓர் இத்தாலிக்காரன் கேட்கிறான், தமிழன் நான் எந்தப் பாஷையில் பதில் சொல்வது? “செடாப், செடாப்” என்று சொல்லி வைத்தேன். வெளியே நின்றவர்கள் கண்ணாடி வழியாக என் தட்டையே பார்த்தார்கள்.

பையனின் அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தார். “உங்களுக்கு எதுவோ பிடிக்கேல்லைப் போல” என்றார். சாப்பாட்டைப் பற்றி அவர் பேசவில்லை என்பது எனக்கே புரிந்தது. அவர் கணவரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பையன் மட்டும் மெதுவாக, “பரவால்ல அங்கிள், தாபாவ் பண்ணிக்கலாம், வீட்டுல போய் சாப்பிடுங்க” என்று கட்டித் தரச் சொல்லக் கையைத் தூக்கினான்.

“வேணாம்” என்றாள் என் மகள். “அப்பாவுக்கு விருப்பம் இல்லன்னா விட்டுருங்க.”

பாதி சாப்பிட்ட தன் தட்டை மேசை நடுவுக்குத் தள்ளினாள். கோபம் இல்லை, முறைப்பு இல்லை. காரில் கொடுத்த வாக்கை அங்கேயே நிறைவேற்றிக்கொண்டிருந்தாள்.

நான் கத்தியைத் தொடவில்லை. இரண்டு கையாலும் பீட்சாவைப் பிய்த்து ஒரு பெரிய துண்டை வாயில் திணித்தேன். தக்காளிச் சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. விழுங்கிவிட்டு, வழக்கத்தைச் சொன்னேன், அக்கா சொன்னதையும் சொன்னேன். “சம்மதம்னாதான் எங்க பக்கம் கை நனைப்போம். அதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப நனைச்சிட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பையனின் அம்மா தன் தட்டைக் குனிந்து பார்த்தார். அதில் ஓரம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

“அப்ப நாங்கள் வந்து இருந்த உடனேயே சம்மதிச்சிட்டம்” என்றார்.

என் மகள் அப்போதுதான் அழுதாள். அவள் அம்மா இறந்த பிறகு என் முன்னால் அவள் அழுததே இல்லை. சந்தோஷமா, நான் படுத்திய பாடா என்று தெரியாமல், மேசையில் டிஷ்யூவைத் தேடி எடுத்தேன். அதற்குள் பையன் ஒன்றை நீட்டிவிட்டான். அவள் வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் என் கையில் இருந்த டிஷ்யூவால் விரல்களைத் துடைத்துக்கொண்டேன்.